கடைக்குட்டிக்கு 14 மாதம்: சிங்கப்பூரிலிருந்து எந்தக் கப்பல்?

சென்னைக் குடும்பம் ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, நாலரை வயது மகள், 14 மாத மகன், கூடவே 66 வயதுப் பாட்டி. பாட்டிக்கு முட்டிவலி உண்டு, சைவம் மட்டுமே சாப்பிடுவார். மகளுக்கு எதைப் பார்த்தாலும் ஏறத் தோன்றும் வயது. மகனுக்கு டயபர், மதியம் இரண்டு மணிநேரத் தூக்கம், பாதிப் பால் பாதிச் சோறு. விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மூன்று நான்கு இரவுகள் கப்பலில் சுற்றி வரத் திட்டம். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு கப்பல் தேடும் பல குடும்பங்கள் இந்த அச்சில்தான் இருக்கும்.

அவர்கள் முன்னால் மூன்று தேர்வுகள். முதலாவது ஜென்டிங் டிரீம்: 2016இல் ஜெர்மனியின் மயர் வெர்ஃப்ட் தளத்தில் கட்டியது, மொத்தக் கொள்ளளவு 1,50,695 டன். ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் 2022 ஜூனில் இதைச் சிங்கப்பூரிலிருந்து இயக்கத் தொடங்கியது. இரண்டு, மூன்று இரவுக் குறும்பயணங்கள் இதன் பலம். இரண்டாவது ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல். இந்த வகையில் எந்தக் கப்பல் சிங்கப்பூரில் நிற்கும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். 2022இல் ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் வந்தது, 2024 கடைசியில் ஆந்தம் ஆஃப் தி சீஸ் வந்தது. மூன்றாவது டிஸ்னி அட்வென்ச்சர்: 2,08,000 டன், ஏறக்குறைய 6,700 பயணிகள். மூன்று, நான்கு இரவுப் பயணங்கள்தான். வழியில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது, முழுக்கக் கடல்தான்.

வழக்கமாக ஒப்பீடு எங்கே தொடங்கும் என்றால், எந்தக் கப்பலில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலில். அலைச்சறுக்கு, ரோலர் கோஸ்டர், காற்றில் மிதக்கும் கூண்டு. இந்தக் குடும்பத்துக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. குவாண்டம் கப்பல்களின் ஃப்ளோரைடர் அலைச்சறுக்கில் பலகையில் படுத்துச் சறுக்கவே 52 அங்குல உயரம் வேண்டும், நின்று சறுக்க 58 அங்குலம். 52 அங்குலம் என்பது 132 சென்டிமீட்டர். நாலரை வயதுப் பெண் 105 சென்டிமீட்டரைத் தொட்டிருந்தாலே அதிகம். விளம்பரப் படத்தில் வரும் சிறுவனுக்கு வயது ஒன்பதோ பத்தோ இருக்கும்.

கப்பலைத் தீர்மானிக்கப் போவது 14 மாதப் பொடியன்தான். அவனுக்கு எங்கே இடம், எந்தத் தண்ணீரில் அவன் இறங்கலாம், எங்கே தூங்குவான் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தால் மற்ற நால்வரின் விடுமுறை தானாக அமையும். கிடைக்காவிட்டால் அம்மாவோ பாட்டியோ நான்கு நாளும் அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

டயபர் என்னும் எல்லைக்கோடு

முதல் வாசல் வயது. ராயல் கரீபியனில் பெரும்பாலான பயணங்களுக்குக் குழந்தைக்கு 6 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கரை தொடாத பயணமென்றால் 12 மாதம். பதிவு செய்யும் நாளின் வயது கணக்கில்லை, கப்பல் கிளம்பும் நாளின் வயதுதான் கணக்கு. காரணம் எளிது. கப்பலில் மருத்துவரும் செவிலியரும் உண்டு, குழந்தை மருத்துவர் இருக்கமாட்டார். கைக்குழந்தைக்கு நிலைமை மோசமானால் கரைக்குப் போய்ச்சேர எத்தனை மணிநேரம் ஆகும் என்பதை வைத்தே இந்த எல்லையை வகுத்திருக்கிறார்கள். நம் பொடியன் 14 மாதம், வாசலைத் தாண்டிவிட்டான்.

இரண்டாவது வாசலில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெற்றோர் இல்லாமல் பிள்ளைகளை விட்டுப்போகும் கட்டணமில்லாத கிட்ஸ் கிளப் ராயல் கரீபியனிலும் டிஸ்னியிலும் 3 வயது முதல். 3 வயது ஆனால் மட்டும் போதாது, டயபரை முழுக்க விட்டிருக்க வேண்டும். ஜட்டி போல ஏற்றிவிடும் புல்-அப் டயபர் போட்டு அனுப்புவதும் செல்லாது. உள்ளே இருக்கும் ஊழியர்கள் குழந்தையைக் கழிப்பறையில் சுத்தம் செய்துவிட மாட்டார்கள். மகள் டயபரை விட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கலாம். ஆனால் வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட யாராவது பக்கத்தில் இருப்பார்கள். கிட்ஸ் கிளப் கழிப்பறையில் பெரும்பாலும் காகிதம்தான் இருக்கும், கைக்குழாய் இருக்காது. தானே உட்கார்ந்து, தானே துடைத்து, உடையை ஏற்றி, கை கழுவி வரத் தெரியாவிட்டால் குழந்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இல்லை அழும். மறுநாள் அந்தப் பக்கமே போக மறுக்கும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே வீட்டில் காகிதத்தோடு பழக்கிவிடுங்கள். கிளப்பில் என்னென்ன விளையாட்டு என்று விசாரிப்பதைவிட இது முக்கியம்.

3 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நர்சரி. மணிக்கணக்கில் கட்டணம், எண்ணி வைத்த இடங்கள், முன்பதிவு அவசியம். டிஸ்னி கப்பல்களில் 6 மாதம் முதல் 3 வயது வரை நர்சரி உண்டு. ராயல் கரீபியனில் பல கப்பல்களில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. ஒரே நிறுவனம், ஒரே வகைக் கப்பல் என்பதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். கப்பல் பெயரையும் கிளம்பும் தேதியையும் போட்டு, ‘14 மாதக் குழந்தையைப் பெற்றோர் இல்லாமல் விட்டுப்போக இடம் உண்டா, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை’ என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ள வேண்டும். ‘குழந்தைகளுக்கான வசதி உண்டு’ என்று பதில் வந்தால் அது பதிலே அல்ல. பெற்றோர் கூடவே உட்கார வேண்டிய விளையாட்டு அறையையும் அப்படித்தான் சொல்வார்கள்.

‘பாட்டி இருக்கிறாரே, நர்சரி எதற்கு’ என்று கேட்கலாம். 11 கிலோ பொடியனை ஆடும் தரையில், முட்டிவலியோடு, நாள் முழுக்கத் தூக்கித் திரிவது பாட்டியின் விடுமுறை ஆகாது. நாளுக்கு இரண்டு மணிநேரம் நர்சரி கிடைத்தாலே அவர் ஒரு நிகழ்ச்சியை நிம்மதியாகப் பார்க்க முடியும்.

எந்தத் தண்ணீரில் இறங்கலாம்

இதுதான் கப்பல் ஏறிய பிறகு அதிகம் மனக்கசப்பு தரும் சங்கதி. டயபர் போடும் குழந்தை நீச்சல்குளத்தில் இறங்கக் கூடாது. ஸ்விம் டயபர் போட்டிருந்தாலும் கூடாது. வெந்நீர்த் தொட்டியும் அப்படித்தான். கரையோர விடுதிகளில் ஸ்விம் டயபரோடு விட்டுப் பழகியவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். விஷயம் என்னவென்றால், ஸ்விம் டயபர் கெட்டியாக இருப்பதைத்தான் தாங்கும், திரவத்தை விட்டுவிடும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சரியாகக் குளோரின் கலந்த தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். கப்பல் குளங்கள் சின்னவை, இறங்குகிறவர்கள் அதிகம். ஒரு குழந்தை அசுத்தம் செய்தால் குளத்தையே மூடிச் சுத்தம் செய்ய வேண்டிவரும்.

ஆகவே பார்க்க வேண்டியது நீச்சல்குளத்தின் படத்தை அல்ல. ‘ஸ்விம் டயபரோடு அனுமதிக்கும் தனித் தண்ணீர் விளையாட்டுப் பகுதி உண்டா?’ என்பதுதான் கேள்வி. அந்தப் பகுதிக்குத் தனி வடிகட்டலும் கிருமிநீக்கமும் இருக்கும், தண்ணீர் தேங்காமல் தெளித்து ஓடும். மகளுக்கான பெரிய தெளிப்புப் பூங்காவும் பொடியனுக்கான மூலையும் ஒரே தளத்தில் இருந்தால் ஒரே ஆள் இரண்டு பேரையும் கண்ணில் வைத்திருக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு பேர் வேண்டும். தளப் படத்தை விரித்து, இரண்டுக்கும் நடுவே மின்தூக்கி ஏற வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜென்டிங் டிரீமின் நீர்ச்சறுக்குகளும் கயிற்றுப் பாலமும் பெரிய பிள்ளைகளுக்கு நல்ல கொண்டாட்டம். 14 மாதக் குழந்தை கீழே நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

கூட்டம்

இதை ஒரு சின்னக் கணக்கில் முடித்துவிடலாம். மொத்தக் கொள்ளளவை, அறைக்கு இருவர் என்ற கணக்கில் வரும் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். இந்த டன் எடை அல்ல, கப்பலின் உள்ளிடத்தின் அளவு. ஜென்டிங் டிரீம்: 1,50,695ஐ 3,352ஆல் வகுத்தால் 45. ஸ்பெக்ட்ரம்: 1,69,379ஐ 4,246ஆல் வகுத்தால் 40. டிஸ்னி அட்வென்ச்சர்: 2,08,000ஐ 6,700ஆல் வகுத்தால் 31. மூன்றாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 6,700 என்பது கப்பல் நிரம்பி வழியும்போது வரும் எண்ணிக்கை. ஸ்பெக்ட்ரமும் நிரம்பினால் 5,622 பேர், அப்போது அதற்கும் 30தான். ஒரே அடிப்படையில் வகுக்காமல் ஒப்பிட்டால் தப்பான கப்பலைத் தள்ளிவிடுவோம்.

அறையின் மூன்றாவது நான்காவது படுக்கைகளில் வருவது குழந்தைகள். பள்ளி விடுமுறையில்தான் கப்பல் நிரம்பும். சிங்கப்பூரில் ஜூனும் நவம்பர்–டிசம்பரும், நம் பக்கம் ஏப்ரல்–மேயும். இந்தக் குடும்பத்தில் பள்ளி நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. சீனப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்து ஜனவரி, பிப்ரவரியில் வார நடுவில் கிளம்பும் பயணம் எடுத்தால் நர்சரியில் இடம் கிடைக்கும், பஃபேயில் குழந்தை நாற்காலி கிடைக்கும், கட்டணமும் குறையும்.

அறை: நால்வர் + ஒருவரா, மூவர் + இருவரா

கப்பலில் கைக்குழந்தையும் ஒரு தலை. மடியில் உட்கார வைப்பதாகச் சொன்னாலும் உயிர்காப்புப் படகின் கணக்கில் அவனுக்கும் ஓர் இடம் போகிறது. ஆகவே நால்வர் அறையில் ஐந்தாவதாகப் பொடியனைச் சேர்க்க முடியாது. பல நிறுவனங்களில் தினசரிச் சேவைக் கட்டணமும் அவன் தலைக்கு விழும்.

ஐவருக்கு இரண்டு அறை வேண்டும். பெரும்பாலோர் முதலில் யோசிப்பது பெற்றோர் பிள்ளைகள் நால்வரும் ஓர் அறை, பாட்டிக்குத் தனியறை. இதுதான் விலை கூடிய வழி. ஓர் அறையில் முதல் இருவருக்கு முழுக் கட்டணம், மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைந்த கட்டணம் என்பது வழக்கம். தனியாளாகத் தங்கும் பாட்டியிடம் பெரும்பாலும் இருவர் கட்டணம் வாங்கிவிடுவார்கள். கூட்டிப் பாருங்கள்: நால்வர் + ஒருவர் என்றால் நான்கு முழுக் கட்டணம், இரண்டு குறைந்த கட்டணம். மூவர் + இருவர் என்றால் நான்கு முழு, ஒரே ஒரு குறைந்த கட்டணம். பெற்றோரும் பொடியனும் ஓர் அறையில், பாட்டியும் பேத்தியும் அடுத்த அறையில். காசும் மிச்சம், தூக்கமும் மிச்சம்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்கதவு இருக்க வேண்டும். அது கனெக்டிங் அறை. அட்ஜாய்னிங் என்றால் வெறும் பக்கத்து அறை, கதவு கிடையாது. இரண்டையும் குழப்பி எழுதும் முகவர்கள் உண்டு. அறை எண்களை வாங்கித் தளப் படத்தில் இரண்டுக்கும் நடுவே இணைப்புக் குறி இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். ‘கேரன்ட்டி’ என்ற பெயரில் மலிவாக வரும் பதிவில் அறை எண்ணை நிறுவனமே கடைசியில் ஒதுக்கும். உங்களுக்கு 8ஆம் தளமும் பாட்டிக்கு 12ஆம் தளமும் விழலாம்.

குவாண்டம் வகையில் சாதாரண பால்கனி அறை 200 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. பயணத் தொட்டில் ஒன்று ஏறக்குறைய 28க்கு 39 அங்குலம். சோபாவைப் படுக்கையாக விரித்துவிட்டால் தொட்டில் போட இடம் இருக்காது. மூவர் அறையில் சோபாவை மடித்தபடியே விடச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தொட்டிலைப் போடலாம். தொட்டில் வேண்டும் என்று பதிவின்போதே எழுத வேண்டும், எண்ணிக்கை குறைவு. கூரையிலிருந்து இறக்கும் மேல் படுக்கையில் 6 வயதுக்குக் கீழே யாரையும் படுக்க வைக்க வேண்டாம். மகளுக்குக் கீழ்ப் படுக்கைதான்.

பால்கனி தேவையா? தேவை, கடலைப் பார்ப்பதற்காக மட்டும் அல்ல. பொடியன் இருட்டில் தூங்கும் இரண்டு மணிநேரமும் பெரியவர்கள் விளக்குப் போட்டு உட்கார அறையில் வேறு இடமே இல்லை. பால்கனிக் கதவின் தாழ் உயரத்தில்தான் இருக்கும், அதை எப்போதும் போட்டுவைக்க வேண்டும். நாற்காலியைக் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். 2019 ஜூலையில் கரீபியன் துறைமுகம் ஒன்றில் நின்றிருந்த கப்பலின் 11ஆம் தளச் சன்னலிலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தை விழுந்து இறந்தது. பெரியவர் தூக்கி வைத்திருந்தபோது நடந்தது அது. கைப்பிடி மேலோ சன்னல் விளிம்பிலோ குழந்தையைத் தூக்கிக் காட்டவே கூடாது, பிடித்துக்கொண்டிருந்தாலும் கூடாது.

அடிக்கடி நடப்பது வேறொன்று: விரல் நசுங்குவது. அறையின் வெளிக்கதவு தீயைத் தடுக்கும் கனமான கதவு, தானே மூடிக்கொள்ளும். பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது வெளிக்கதவைத் திறந்தால் காற்று ஒரே இழுப்பாக இழுத்து அறையும். பொடியன் கை வைப்பது கீல் பக்கத்து இடுக்கில்தான். முதல் நாளே அறையில் ஒரு வழக்கம் வைத்துவிடுங்கள்: ஒரு கதவை மூடிய பிறகே அடுத்ததைத் திறப்பது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வாசலைத் தாண்டுவது.

குளியலறைத் தரை ஒரு படி உயர்ந்திருக்கும், பாட்டியும் பொடியனும் தடுக்குவது அங்கேதான். கழிப்பறை வெற்றிடத்தில் உறிஞ்சும் வகை. சத்தம் துப்பாக்கி போல வரும். மகள் உட்கார்ந்திருக்கும்போது பொத்தானை அழுத்தினால் அதோடு அந்தக் கழிப்பறையை வெறுத்துவிடுவாள். எழுந்து, மூடியை மூடி, பிறகு அழுத்த வேண்டும். வெட் வைப்ஸை உள்ளே போட்டால் உங்கள் அறை மட்டுமல்ல, அதே குழாயில் இருக்கும் பக்கத்து அறைகளின் கழிப்பறையும் நின்றுபோகும்.

எந்த இடத்து அறை? கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்ப்பாதி. அங்கேதான் ஆட்டம் குறைவு. மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளமாகப் பாருங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், அரங்கத்துக்கு மேலே என்றால் இரவு பத்தரை வரை முரசு. சூதாட்டக் கூடம் உள்ள கப்பலில் அதன் பக்கத்து மாடிப்படிகளில் சிகரெட் வாடை ஏறும். டிஸ்னி கப்பல்களில் அந்தக் கூடமே கிடையாது. சாதாரண அறைக் கதவின் அகலம் 22 முதல் 24 அங்குலம்தான். அகல ஸ்ட்ரோலர் உள்ளே நுழையாது, நடைபாதையில் விட்டுவைக்கவும் அனுமதியில்லை. குடைபோல் மடங்கும் வகையை எடுத்துப்போங்கள்.

குழந்தையின் கடிகாரம்

கப்பல் பற்றிய ஆங்கில அறிவுரைகளில் எல்லாம் ஒரு வரி தவறாமல் இருக்கும்: குழந்தை இருந்தால் மாலை ஐந்தரை மணி முதல் பந்தி எடுங்கள் என்று. சென்னையிலிருந்து வரும் குடும்பத்துக்கு இது பொருந்தாது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணிநேரம் முன்னால். ஐந்தரை மணிப் பந்தி பொடியனின் வயிற்றுக்கு மதியம் மூன்று மணி, தூக்கத்திலிருந்து எழுந்த நேரம், பசியே இருக்காது. எட்டு மணிப் பந்தி அவனுக்கு மாலை ஐந்தரை. சென்னையில் இரவு எட்டுக்குத் தூங்குகிறவன் கப்பலில் பத்தரைக்குத் தூங்குவான். மூன்று நான்கு நாளுக்காக அவன் கடிகாரத்தைத் திருப்ப முயல வேண்டாம், இரண்டாவது பந்தியை எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரிலேயே வசிக்கும் குடும்பமென்றால் முதல் பந்திதான் சரி.

அதே கணக்கில் அவனது மதியத் தூக்கம் சிங்கப்பூர் நேரம் மூன்றிலிருந்து ஐந்து வரை வரும். ஏறும் நாளில் அந்த நேரத்தில்தான் வரிசை, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முட்டிக்கொள்ளும். முனையத்துக்கு வரும் நேரத்தை முடிந்தவரை முற்பகலில் எடுத்து, பயிற்சியை முன்னதாக முடித்து, மூன்று மணிக்குள் அறைக்குள் இருக்க வேண்டும். கப்பல் கிளம்பும் நாளன்று காலை சென்னையிலிருந்து வந்து இறங்கும் விமானத்தை எடுக்கவே வேண்டாம். முந்தின நாளே போய் ஓர் இரவு தங்குங்கள். விமானம் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது.

துறைமுகம், பருவம், விசா

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டும். இறங்கினால் ஜார்ஜ் டவுன். லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம், பாட்டிக்கு இட்லியும் கிடைக்கும், பொடியனின் தூக்கத்துக்கு முன் திரும்பியும்விடலாம். போர்ட் கிளாங் அப்படியல்ல. கோலாலம்பூருக்குச் சாலையில் ஒரு மணிநேரத்துக்கு மேல், வருவதற்கும் அதே. 14 மாதக் குழந்தையோடு அந்தப் பயணம் வீண். ஃபூக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல தடவை கடலில் நங்கூரமிட்டு டெண்டர் படகில்தான் ஆட்களைக் கரை சேர்க்கும். ஆடும் மேடையிலிருந்து ஆடும் படகுக்குக் கால் வைக்க வேண்டும், ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டும், பாட்டியின் முட்டி வேறு. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் பக்கம் அலை கூடும், படகு இறக்குவதே ரத்தாகலாம். மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் சூழ்ந்தது, ஆண்டு முழுக்க ஓரளவு அமைதி. டிசம்பர், ஜனவரியில் தென்சீனக் கடல் பக்கம் போகும் பயணத்தில் ஆட்டம் இருக்கும்.

விசாவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும், அது பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். விமானத்தில் வருவது முதல் நுழைவு. கப்பல் திரும்பி வந்து இறங்குவது இரண்டாவது நுழைவு. எங்கும் நிற்காத கப்பலாக இருந்தாலும் இதுதான் கதை. சிங்கப்பூர் வருகை அட்டையையும் இரண்டு முறையும் வருகைக்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். பொடியனுக்கும் தனிக் கடவுச்சீட்டு, தனி விசா, தனி அட்டை. எல்லாருடைய கடவுச்சீட்டும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும்.

எதை எடுப்பது

இந்த வருடமே போவதென்றால் இந்தக் குடும்பத்துக்கு டிஸ்னி அட்வென்ச்சரின் மூன்று இரவுப் பயணம். கார்ட்டூன் பாத்திரங்களுக்காக இதைச் சொல்லவில்லை. துறைமுக நாள் இல்லாததால் காலையில் யாரும் வரிசையில் நிற்க வேண்டாம், பொடியனின் தூக்கம் தினமும் அதே நேரத்தில், அதே தொட்டிலில். நர்சரி அவன் வயதுக்கு உண்டு, மகளுக்குக் கிளப் உண்டு. குறைகளும் உண்டு: இரவுக் கணக்கில் விலை மற்ற இரண்டையும்விடக் கூடுதல், பாட்டிக்குப் பார்க்க ஓர் ஊரும் கிடையாது. பினாங்குக்கு ஈடாகச் சிங்கப்பூரில் முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்வதுதான் வழி. இன்னொன்று: இந்தக் கப்பலின் முதல் பயணமே 2025 டிசம்பர் 15இலிருந்து 2026 மார்ச் 10க்குத் தள்ளிப்போனது. புதுக் கப்பலுக்கு முன்பதிவு செய்தால் பணம் திரும்பாத விமானச் சீட்டைச் சேர்த்து வாங்காதீர்கள்.

குவாண்டம் கப்பலை எடுக்கலாம், ஒரு நிபந்தனையில்: குறிப்பிட்ட அந்தக் கப்பலில், அந்தத் தேதியில் நர்சரியும் ஸ்விம் டயபர் பகுதியும் உண்டு என்று எழுத்தில் வந்து, ஒரே துறைமுகமாகப் பினாங்கு மட்டும் இருந்தால். செலவைக் குறைக்க வேண்டும், குழந்தைகள் கப்பலைத் தாங்குவார்களா என்று பார்க்க வேண்டும் என்றால் ஜென்டிங் டிரீமின் இரண்டு இரவு போதும்; அங்கே பொடியனை யாராவது ஒருவர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வதாகத் திட்டம் போட்டுக்கொண்டு ஏற வேண்டும்.

இரண்டு வருடம் தள்ளிப்போட முடிந்தால் பதில் தலைகீழ். மகனுக்கு 3 தாண்டி டயபர் விட்டிருக்கும். கிளப் கட்டணமில்லாமல் திறக்கும், நர்சரிச் செலவு போகும், குளத்தில் இறங்கலாம். குவாண்டம் கப்பல்களின் ஐஃப்ளை காற்றுக்கூண்டில்கூட 3 வயது முதல் விடுகிறார்கள். அப்போது பினாங்கு போகும் நான்கு இரவு குவாண்டம் பயணம்தான் முதல் தேர்வு. அவசரமில்லாத குடும்பத்துக்கு நாங்கள் மனதாரச் சொல்வது இந்தக் காத்திருப்பைத்தான்.

பதிவு ஆன பிறகு

பெட்டிகளை முனையத்தில் கொடுத்துவிட்டால் அறைக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகும். அதனால் கைப்பையில் பால், 8 டயபர், இரண்டு செட் உடை, குளியல் உடை, மருந்து. மூன்று இரவுக்கு நாளுக்கு 6 வீதம் 24 டயபர், மேலே 6, ஸ்விம் டயபர் 6. கப்பல் கடையை நம்ப வேண்டாம். வீட்டில் சமைத்ததை உள்ளே விடமாட்டார்கள். முத்திரை பிரிக்காத குழந்தை உணவும் பால்மாவும் கொண்டுபோகலாம். கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி, எக்ஸ்டென்ஷன் வயர் எதுவும் வேண்டாம், சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க் எடுத்துப்போய்ப் பஃபேயில் நிரப்பிக்கொள்ளலாம். அறையின் குட்டிக் குளிர்ப்பெட்டி பானத்தைக் குளிர்விக்க மட்டும் போதும், பால் கெடாமல் வைக்கும் அளவுக்குக் குளிராது. பாட்டியின் சைவத்தைப் பதிவிலேயே எழுதிவிட்டு, முதல் இரவே பரிமாறுகிறவரிடம் மறுநாளுக்குச் சாதம், தயிர், வேகவைத்த காய் சொல்லிவைத்தால் பொடியனுக்கும் சேர்த்து வேலை முடிந்தது.

கடல் மயக்கம் 2 முதல் 12 வயதுக்குள்தான் அதிகம், அதாவது மகளுக்கு. 2 வயதுக்குக் கீழே பெரும்பாலும் வராது. நம் ஊரில் பயணம் என்றாலே கைக்கு வரும் அவோமின் புரோமெத்தசின் வகை மருந்து. 2 வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கக் கூடாது, மூச்சே தடைப்படும் அபாயம் உண்டு. மகளுக்கு எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதைக் கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஐந்தாறு போதும். சாப்பாட்டுக் கூட வாசலில் தெளிக்கும் கிருமிநாசினி, வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸை அவ்வளவாகக் கொல்லாது, சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும். கப்பல் மருத்துவமனைக் கட்டணத்தையும் அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் காப்பீடு ஐந்து பேருக்கும் வேண்டும்.

ஏறிய அரைமணிக்குள் அறை ஊழியரைக் கூப்பிட்டு லைஃப் ஜாக்கெட்டுகளைக் கேளுங்கள். பன்னாட்டு விதிப்படி மூன்று அளவு உண்டு: 15 கிலோவுக்குக் கீழே கைக்குழந்தை அளவு, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அளவு, அதற்கு மேல் பெரியவர் அளவு. 24 மணிநேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கப்பலில் உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று இருந்தாக வேண்டும். அலமாரியில் இருப்பது பெரும்பாலும் பெரியவர் அளவுதான். நெஞ்சுப் பக்கத்தில் அச்சிட்ட எடையைப் படித்துப் பார்த்து, 11 கிலோ பொடியனுக்குச் சின்ன அளவையும், 16 கிலோ மகளுக்கு நடு அளவையும் வாங்கி, அறையிலேயே ஒரு தடவை போட்டு, தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். தாடையைத் தாண்டி மேலே ஏறினால் பட்டை தளர்வாக இருக்கிறது, இறுக்க வேண்டும்.